அரியர் இருந்தபோது கூடுதலாக இருந்த ஜிபிஏ

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் வகுப்பு ஆலோசகராக இருப்பதால், செமஸ்டர் முடிவுகள் வெளியாகும் வாரத்தில் பெற்றோரிடமிருந்து எனக்குப் பல அழைப்புகள் வரும். அவற்றுள் ஒரு தந்தை கேட்ட கேள்வியை இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு வகுப்பில் நானே எடுத்துச் சொல்கிறேன். "ஒரு பாடத்துல ஃபெயிலா இருந்தப்போ ஜிபிஏ எட்டுக்கு மேல இருந்துச்சு சார். இப்போ அந்தப் பேப்பரை எழுதிப் பாஸ் பண்ணிட்டான், ஆனா எட்டுக்குக் கீழ வருதே?" ஜிபிஏ என்பது ஒரு செமஸ்டரின் கிரேடு புள்ளிச் சராசரி; அதைக் கணக்கிட்டதில் பல்கலைக்கழகம் தவறிழைத்துவிட்டது என்றே அவர் நம்பினார். கணக்கில் தவறேதும் இல்லை.

2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். 91 முதல் 100 வரை மதிப்பெண் பெற்றால் 'ஓ' கிரேடு, 10 புள்ளி. 81 முதல் 90 வரை 9. 71 முதல் 80 வரை 8. 61 முதல் 70 வரை 7. 50 முதல் 60 வரை 6. (2021 ஒழுங்குமுறையில் 6 புள்ளிக்குக் கீழே 5 புள்ளியுடைய 'சி' கிரேடும் சேர்ந்தது.) ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அதற்குரிய எடையால், பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் கிடைப்பதே ஜிபிஏ. வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர ஆய்வகத்துக்கு ஒரு கிரெடிட் என்பது பொது வழக்கம்.

எளிமைக்காக ஆறு பாடங்களை மட்டும் வைத்துப் பார்ப்போம். நான்கு கிரெடிட் உள்ள கணிதத்தில் 7 புள்ளி. மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்றில் 8, 8, 6. இரண்டு கிரெடிட் ஆய்வகங்கள் இரண்டிலும் 10. மாணவர் பெரும்பாலும் ஆறு புள்ளிகளையும் கூட்டி ஆறால் வகுத்து, 8.17 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார். முறைப்படி பெருக்கினால் 134-ஐ 17-ஆல் வகுக்க வேண்டும், 7.88 வருகிறது. ஆய்வகத்தில் வாங்கிய பத்துக்குப் பத்து பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும், கணிதத்தின் நான்கு கிரெடிட்டுக்கு முன் அதன் எடை பாதிதான்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். 6 புள்ளி பெற்ற பாடத்தில் மாணவர் தேர்ச்சி பெறவில்லை என்று கொள்வோம். மேற்சொன்ன ஒழுங்குமுறையின்படி, தேர்ச்சி பெறாத பாடம் ஜிபிஏ கணக்கில் சேர்வதே இல்லை. அதன் புள்ளியும் வராது, கிரெடிட்டும் வராது. ஆகவே 116-ஐ 14-ஆல் வகுக்கிறார்கள், 8.29 கிடைக்கிறது. அடுத்த தேர்வில் அந்தப் பாடத்தை 6 புள்ளியோடு முடித்ததும் அதன் மூன்று கிரெடிட்டும் உள்ளே வர, எண் 7.88-க்கு இறங்குகிறது. தேர்ச்சி பெறாத பாடத்தைப் பூச்சியமாகச் சேர்க்கும் கல்வி நிறுவனங்களும் உண்டு. அங்கே இதே மாணவருக்கு அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் உள்ள பாடம்) இருந்த காலத்தில் 6.82-தான் வந்திருக்கும். ஒரே விடைத்தாள்கள், ஒரே மாணவர், ஆனால் விதியைப் பொறுத்து ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி வேறுபாடு. எனவே பிள்ளை சொல்லும் ஜிபிஏவைக் கேட்பதற்கு முன் எத்தனை கிரெடிட்டுக்கு அந்த எண் என்று கேட்பதே முறை. வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்கள் தங்கள் படிவத்தில் நிலுவை அரியருக்கெனத் தனிக் கட்டம் வைத்திருப்பது இதனால்தான் என்பது என் கருத்து.

எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துக் கணக்கிடும் சிஜிபிஏ விஷயத்திலும், கிரெடிட்டைப் பாராமல் சராசரி எடுக்கும் பிழை வேறு உருவில் வருகிறது. செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது, எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் சமமாக இருந்தால் மட்டுமே சரி. 25 கிரெடிட் உள்ள செமஸ்டரில் 7.2-ம், 16 கிரெடிட் உள்ள கடைசி செமஸ்டரில் 9-ம் பெற்றவருக்குச் சராசரி 8.1 அன்று, 7.9. புராஜெக்ட்டில் எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஏழாம் செமஸ்டர் வரை ஒத்திப்போடுபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். டிஸ்டிங்ஷனுக்கு (சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு) சிஜிபிஏ 8.5 மட்டும் போதாது, எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும் என்பதையும் சிலர் நான்காம் ஆண்டில்தான் அறிகிறார்கள்.

சதவீதமாக மாற்றுவது பற்றி ஒரு சொல். எல்லாப் பாடங்களிலும் 81 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் சிஜிபிஏ 9-தான். பத்தால் பெருக்கினால் இருவருக்கும் 90 சதவீதம். அதனால் அந்தச் சதவீதத்தை மதிப்பெண் என்று நினைத்துவிடக் கூடாது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஒரு காலத்தில் இருந்த 9.5 பெருக்கலை இங்கே கொண்டுவந்து போடுவதும் பிழையே. விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் தரும் மாற்று விதியை மட்டும் பயன்படுத்துங்கள்; அது மதிப்பெண் பட்டியலில் இல்லையென்றால் தேர்வுப் பிரிவில் எழுதி வாங்கலாம்.

அந்தத் தந்தையிடம் இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். சற்று நேரம் கழித்து அழைத்தவர், "அப்போ 7.88தான் நிஜம், இல்லையா சார்?" என்றார். ஆம் என்றேன்.