மூடும் கணக்கு: பாப்-அப் புத்தகம் எப்படி எழும்புகிறது?

பாப்-அப் புத்தகத்துக்குள் ஸ்பிரிங் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பக்கத்தைத் திருப்புகிற கைதான் மோட்டார். அட்டையை விரிக்கும்போது இரண்டு பக்கங்களும் விலகுகின்றன. அந்த விலகலை வாங்கி உயரமாக மாற்றிக் கொடுப்பது நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டு. கோட்டை எழுவதும் முதலை வாயைப் பிளப்பதும் இந்த ஒரே அசைவின் செலவில்தான்.

எழும்ப வைப்பது சுலபம். ஒரு அட்டைப்பெட்டியை நடுப்பக்கத்தில் ஒட்டிவைத்தால் அதுவும் நிற்கும். மூடினால் நசுங்கிவிடும், அவ்வளவுதான். கசங்காமல், பக்க விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்காமல், எத்தனை முறை திறந்து மூடினாலும் ஒரே மாதிரி மடங்கிப் படுக்க வேண்டும். சிக்கல் முழுக்க அதில்தான். குழந்தைகள் புத்தகத்தை ப்ராஜெக்டாக எடுக்கும் டிசைன் மாணவர்கள் பெரும்பாலும் அழகான படத்தை முதலில் வரைந்துவிடுகிறார்கள், அப்புறம்தான் அதை எப்படி நிறுத்துவது என்று யோசிக்கிறார்கள். மூடிய நிலையிலிருந்து தொடங்கினால் பாதி வேதனை குறையும்.

எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு அட்டைத் துண்டை நடுவில் மடித்து, ஒரு முனையை இடப்பக்கத்திலும் மறுமுனையை வலப்பக்கத்திலும் ஒட்டுகிறோம். புத்தகத்தை விரித்தால் துண்டு கூரை மாதிரி நிற்கும். இது சரியாக மூடுமா என்று பார்க்க ஒரே ஒரு கூட்டல் போதும். புத்தகத்தின் நடு மடிப்பிலிருந்து இடப்பக்கம் ஒட்டிய இடம் வரை எவ்வளவு தூரம், அங்கிருந்து கூரையின் உச்சி வரை துண்டு எவ்வளவு நீளம் என்று அளந்து இரண்டையும் கூட்டுங்கள். வலப்பக்கமும் அப்படியே. இரண்டு விடையும் சமமாக இருக்க வேண்டும். இடப்பக்கம் 3 செ.மீ. தள்ளி ஒட்டி, துண்டு 5 செ.மீ. என்றால் மொத்தம் 8. வலப்பக்கம் 4 செ.மீ. தள்ளி ஒட்டினால் துண்டின் அந்தப் பாதியும் 4 செ.மீ. இருந்தாக வேண்டும். மூடியபோது இரண்டு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. உச்சி மடிப்பு ஒன்றே ஒன்று. அது இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கூட்டல் பிசகினால் காகிதம் தானே ஒரு புது மடிப்பைப் போட்டுக்கொள்ளும், அந்தக் கசங்கல் பிறகு போகவே போகாது. அந்த 8 செ.மீ. பக்கத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சி வெளியே தெரியும்.

இதே கணக்கில் இன்னொரு வகை இருக்கிறது. இடப்பக்கம் 4 தள்ளி ஒட்டி 3 நீளம், வலப்பக்கம் 3 தள்ளி ஒட்டி 4 நீளம். கூட்டல் இரண்டு பக்கமும் 7. எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்பதால் இது இணைகரம். பழைய கடை வாசல்களில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கிராதிக் கதவு இப்படித்தான் சுருங்கி விரியும். பக்கங்கள் செங்குத்தாக, அதாவது 90 பாகையில், நிற்கும்போது ஒரு அழகான பெட்டி கிடைக்கும். முழுக்க விரித்து 180 பாகைக்குக் கொண்டுபோனால் பெட்டி மறைந்து தட்டையாகிவிடும். அடியில் 7 செ.மீ. இடைவெளி, மேலே 7 செ.மீ. காகிதம், உயர்வதற்கு மிச்சம் இல்லை.

ஒரே தாளில் கத்தியால் கீறி மடிக்கும் கார்டுகள் ஏன் 90 பாகையில் மட்டும் அழகாக இருக்கின்றன என்பதற்கும் இதுதான் காரணம். அந்தத் தாள் மொத்தமும் ஆரம்பத்தில் தட்டையாகத்தான் கிடந்தது. எனவே முழுக்க விரித்தால் திரும்பத் தட்டையாகத்தான் ஆகும். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் மசாஹிரோ சாதானி 1980-களில் பரப்பிய காகிதக் கட்டடக் கார்டுகளில் பிரபலமானவை இந்த வகை. மாடிப்படி, வளைவு, கோபுரம் என்று எல்லாம் ஒரே தாளிலிருந்து எழும். மேஜையில் முழுக்க விரிந்து கிடக்கும் புத்தகத்தில் ஏதாவது நிற்க வேண்டும் என்றால், வெளியிலிருந்து காகிதம் கொண்டுவந்து ஒட்டியே ஆக வேண்டும். செலவைத் தீர்மானிக்கும் முதல் முடிவு இது.

அப்படி ஒட்டுவதில் ராஜா வி-மடிப்பு. நடுவில் மடித்த துண்டின் அடியை நடு மடிப்பின் மேல் ஒரு புள்ளியில் வைத்து, இரு கால்களையும் இரு பக்கங்களிலும் சாய்வாக விரித்து ஒட்டுவது. இங்கே நீளத்துக்குப் பதில் கோணம் ஆட்சி செய்கிறது. ஒட்டுக்கோடு நடு மடிப்போடு ஏற்படுத்துவது ஒரு கோணம். அதைப் பக்கக்கோணம் என்போம். துண்டின் அடி விளிம்பு அதன் சொந்த மடிப்போடு ஏற்படுத்துவது இன்னொன்று, அது துண்டுக்கோணம். துண்டுக்கோணம் 90 என்றால், பக்கக்கோணம் எதுவாக இருந்தாலும் சரி, முழுக்க விரித்தபோது துண்டு நேராக நிமிர்ந்து நிற்கும். 90-க்குக் குறைத்தால் கால்கள் விரியும் திசைப் பக்கம் சாயும், கூட்டினால் எதிர்ப்பக்கம் சாயும். எவ்வளவு சாயும் என்றும் கணக்கு இருக்கிறது. துண்டுக்கோணத்தின் கொசைனைப் பக்கக்கோணத்தின் கொசைனால் வகுத்தால், துண்டு தரையோடு ஏற்படுத்தும் கோணத்தின் கொசைன் வரும். பக்கக்கோணம் 45, துண்டுக்கோணம் 60 என்று வைத்துப் பாருங்கள், சரியாக 45 பாகை வரும். பார்க்கிற குழந்தையை நோக்கிப் பாய்கிற முதலை வேண்டும் என்றால், ஊகித்து ஊகித்து வெட்டாமல் கால்குலேட்டரில் முடித்துவிடலாம். இரண்டு கோணமும் சமமானால், முழுக்க விரித்தபோது துண்டு நிற்கவே நிற்காது. ஒரே தாளில் கீறிய பறவை அலகு, புத்தகத்தை முழுக்க விரித்தால் தட்டையாகிவிடுவது இதனால்தான்.

இதே வி-மடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது கடைசி நேரத்தில் எழும்புவது. பக்கக்கோணம் 45, நிமிர்ந்து நிற்கும் துண்டு. மூடியிருக்கும்போது துண்டின் நடு மடிப்பு பின்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. நிமிர்வதற்கு அது 45 பாகை திரும்ப வேண்டும். புத்தகத்தைப் பாதி திறந்து 90 பாகைக்குக் கொண்டுவந்தால் அது ஏறக்குறைய 10 பாகைதான் திரும்பியிருக்கும். மீதி 35 பாகையும் அடுத்த பாதியில் நடக்கிறது. கை ஒரே வேகத்தில் திருப்பினாலும் கோபுரம் முதலில் சோம்பேறித்தனமாக நகர்ந்து, முடிவில் துள்ளி நிமிர்கிறது. குழந்தை வாயைப் பிளப்பது ஓவியத்துக்காக மட்டும் இல்லை.

மூடிய நிலையும் இதிலிருந்தே கிடைக்கும். 20 செ.மீ. உயரக் கோபுரம் மூடியபோது 45 பாகையில் படுப்பதால், அதன் நுனி நடு மடிப்பிலிருந்து சுமார் 14 செ.மீ. தள்ளி இருக்கும். அதாவது 15 செ.மீ. அகலப் பக்கத்துக்குள் 20 செ.மீ. கோபுரம் ஒளிந்துகொள்ளும். கால்கள் விரியும் திசைக்கு எதிராகவும் அதே 14 செ.மீ. இடம் வேண்டும், அதை மறந்தால் கோபுரத்தின் நுனி புத்தகத்துக்கு மேலே கொடிபோல நீட்டிக்கொண்டிருக்கும்.

நிமிர்ந்த துண்டின் நடு மடிப்பும், அது பக்கத்தோடு சேரும் விளிம்புகளும் புத்தகம் திறக்கும்போது கோணம் மாறுகின்றன. கோணம் மாறும் எந்த மடிப்பும் இன்னொரு பாப்-அப்புக்கு நடு மடிப்பாகலாம். கோபுரத்தின் மடிப்பில் ஒரு குட்டி வி-மடிப்பை ஒட்டினால் பால்கனி, அதன் மடிப்பில் இன்னொன்றை ஒட்டினால் எட்டிப் பார்க்கும் பூனை. பெரிய பாப்-அப் புத்தகங்களில் பிரமிப்பூட்டும் காட்சிகளைப் பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டு மூன்று மடிப்புகள்தான் அடுக்கடுக்காக இருக்கும். எத்தனை அடுக்கு போனாலும் மொத்த அமைப்புக்கும் அசைய ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும். இயந்திரவியலில் இதை ஒரு சுதந்திரப் பாகை என்பார்கள். பக்கத்தின் கோணம் சொன்னால் பூனையின் மீசை எங்கே இருக்கிறது என்பது முடிவாகிவிட வேண்டும். இரண்டு வழி இருந்தால் மூடும்போது ஏதாவது ஒன்று தவறான பக்கம் மடங்கிச் சிக்கிக்கொள்ளும்.

இது கணினி விஞ்ஞானிகளையும் இழுத்திருக்கிறது. ரியுஹெய் உஎஹாரா, சச்சியோ டெரமோட்டோ என்ற இரு ஜப்பானியர்கள் 2006-ல் காட்டியது: எப்படி வேண்டுமானாலும் அமைத்த ஒரு பாப்-அப் புத்தகத்தைக் கொடுத்து, இது சிக்காமல் திறக்குமா மூடுமா என்று கேட்டால், பொதுவாக அதற்கு வேகமான வழிமுறை இருக்க வாய்ப்பில்லை, என்பி-கடினம் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்த கணக்கு அது. ஹார்வர்டில் 2012-ல் இதை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். கார்பன் இழை, பிளாஸ்டிக் படலம், உலோகம் என 18 அடுக்குகளை லேசரால் வெட்டி ஒட்டி, பாப்-அப் புத்தகம் போல ஒரே அசைவில் எழச் செய்தார்கள். வந்தது 2.4 மி.மீ. உயர ரோபோ தேனீ. அவ்வளவு சின்ன பாகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைவிட மடிப்பே பொறுப்பேற்றுக்கொள்வது நல்லதுதானே.

இத்தனைக்கும் அசையும் புத்தகங்கள் குழந்தைகளுக்காகத் தொடங்கவில்லை. 1540-ல் பெட்ரஸ் அப்பியானஸ் வெளியிட்ட வானியல் நூலில் சுழலும் காகிதச் சக்கரங்களை வைத்துக் கோள்களின் இடத்தைக் கணக்கிடலாம். குழந்தைகள் பக்கம் இது வந்தது பிறகுதான். லண்டனில் ராபர்ட் சேயர் 1765-ல் மடல் திறக்கும் சிறு புத்தகங்களை விற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் லோதர் மெக்கென்டோர்ஃபர் செய்தவை இன்றும் பார்த்துப் படிக்க வேண்டியவை. ஒரு காகித நாக்கை இழுத்தால் படத்தில் உள்ளவரின் கை, கண், தாடை எல்லாம் வெவ்வேறு வேகத்தில் அசையும். இரண்டு தாள்களுக்கு நடுவே காகித நெம்புகோல்களை ஒளித்து, மெல்லிய செப்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த ரிவெட்டுகளால் கோத்திருந்தார். பிராகில் வேலை செய்த வோய்தெக் குபாஷ்தா கட்டடக்கலை படித்தவர். காட்சிகளைப் பார்த்தாலே அது தெரியும்.

வடிவக்கணக்கு முடிந்தால் காகிதம் மிச்சம். மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். இயந்திரத்தில் தயாராகும் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது உருவாகும் மடிப்புக்கோடுதான் இழையின் திசை. அந்தத் திசையில் மடித்தால் விளிம்பு சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் மேல்தோல் வெடித்து வெள்ளை தெரியும். வி-மடிப்புக் கோபுரத்தில் இழை மேலிருந்து கீழாக ஓடினால் இரண்டு லாபம். நடு மடிப்பும் சுத்தமாக வரும், கோபுரமும் குனியாது. மடிப்பதற்கு முன்னால் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடுங்கள். அச்சகத்தில் கிரீஸிங் என்று செய்வதும் இதுவே: மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று இழைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது.

குழந்தைகள் பக்கத்தை மெதுவாகத் திருப்ப மாட்டார்கள். வெடுக்கென்று இழுக்கும்போது ஒட்டு மடல், அதாவது பசை தடவி ஒட்டும் ஓரம், விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். பசைக்கு உரிப்பு பிடிக்காது. அதே பசை பக்கவாட்டு இழுவையைப் பல மடங்கு தாங்கும். அதனால் மடலைப் பக்கத்தில் ஒரு கீறல் வழியாக உள்ளே நுழைத்துப் பின்பக்கம் ஒட்டுவார்கள். இழுவிசை கீறலின் விளிம்பில் திரும்பிப் பசைப்பரப்பின் வாக்கிலேயே போய்விடும். மேலே எந்த மடலும் தெரியாது என்பது கூடுதல் அழகு. கீறல் முடியும் இடங்களில் ஒரு சின்ன வட்டத் துளை போடுங்கள். கூர்மையான முனையில் குவியும் விசை வட்டத்தில் பரவிவிடுவதால் கிழிசல் அங்கேயே நிற்கும்.

இந்த ஒட்டு வேலையை இன்றுவரை பெரும்பாலும் கைகள்தான் செய்கின்றன. அமெரிக்கப் பதிப்பாளர் வால்டோ ஹண்ட் தயாரித்த புத்தகங்கள் பல கொலம்பியாவின் காலி நகரில் ஆட்களை வைத்து ஒட்டப்பட்டன. எனவே ஒரு பாப்-அப்பின் விலை காகிதத்தைவிட ஒட்டும் இடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. டம்மி, அதாவது மாதிரிப் பிரதி, செய்ததும் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பது நல்லது. பத்து ஒட்டில் நிற்கும் யானையை நான்கில் நிறுத்த முடியுமா என்று யோசிப்பதுதான் உண்மையான டிசைன் வேலை என்பேன்.

நோட்டீஸ் என்று வந்துவிட்டால் பசையே கூடாது. ஆயிரக்கணக்கில் அடித்து இலவசமாகக் கொடுப்பது. ஏ4 தாளை உள்ளே சுருட்டி மூன்றாக மடிக்கும் சாதாரண நோட்டீஸிலும் மூடும் கணக்கு உண்டு. 297 மி.மீ. நீளத்தை மூன்றால் வகுத்து 99, 99, 99 என்று போட்டால் உள்ளே போகும் மடல் மடிப்பில் முட்டிப் புடைக்கும். அச்சகங்களில் 100, 100, 97 என்று வைப்பார்கள். குழந்தைகளுக்கு இன்னும் சுவாரசியமானது மியுரா மடிப்பு. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியுராவின் யோசனை. மடிப்புக்கோடுகள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளாமல், ஒரு திசைக் கோடுகள் சற்றே ஸிக்ஸாக்காகப் போய், தாள் முழுக்கச் சாய்ந்த இணைகரங்களாகப் பிரியும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் அதே வழியில் சுருங்கும். இங்கேயும் ஒரே சுதந்திரப் பாகைதான். 1995-ல் ஜப்பான் ஏவிய விண்கலம் ஒன்றின் சூரியத் தகட்டை இப்படி மடித்து அனுப்பினார்கள். சாதாரண வரைபடத்தைத் திரும்ப மடிக்கத் தெரியாமல் திண்டாடும் பெரியவர்களுக்கும் இது உதவும்.

பட்ஜெட் அதற்கும் இடம் தராவிட்டால் ஒரே ஒரு கீறல் போதும். ஏ4 தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, நடுவில் உள்ள நீளவாட்டு மடிப்பில் இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் கீறி, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து, தாள் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகமாக மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம். டிசைன் செய்யும்போது ஒன்று கவனிக்க வேண்டும். விரித்த தாளில் நான்கு பக்கங்கள் தலைகீழாக வரும், வரிசையும் மாறும். முதலில் வெற்றுத் தாளில் மடித்து, பக்க எண்களை எழுதி, விரித்துப் பார்த்துவிட்டுக் கணினிக்குப் போங்கள். எட்டுப் பக்கங்களும் தாளின் ஒரே முகத்தில் அடங்கிவிடுவதால் பின்முகம் முழுசாகக் காலியாக இருக்கும்; அங்கே சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு பெரிய படம் போடலாம்.