காட்டை விட்டு வெளியே வராத ஈ

மீன் சந்தையில் செவுளைத் தூக்கிக் காட்டும்போது அங்கே வந்து உட்காருகிற பெரிய ஈயை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். உடம்பு நீலமும் பச்சையுமாக மின்னும். தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, செங்கல் நிறத்தில் இரண்டு கண்கள். கிரைசோமியா மெகாசெபாலா என்று பெயர். மெகாசெபாலா என்றாலே பெரிய தலை என்றுதான் பொருள். கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு இதோடு தீராத பகை.

1970களின் நடுவில் இந்த ஈயும் இதன் நெருங்கிய உறவுகள் இரண்டும் கடல் தாண்டி பிரேசிலில் கால் வைத்தன. இன்று அங்கே நகரத்துக் குப்பைமேடு, மீன் சந்தை எங்கும் இவைதான். ஆனால் அமேசானில் மரங்கள் அடர்ந்து நிற்கும் இடத்தில் பொறி வைத்தால் இவை குறைவாகவே சிக்குகின்றன. அங்கே வேறு ஈக்களின் ராஜ்ஜியம்.

பொறி ரொம்ப எளிமையானது. கறுப்பு வண்ணம் பூசிய ஒரு டப்பா, அடிப்பக்கம் சில ஓட்டைகள், உள்ளே அழுகிய மீன் அல்லது ஈரல், மேலே ஒரு புனலும் பிளாஸ்டிக் பையும். நாற்றம் பிடித்து ஈ கீழ் ஓட்டை வழியாக நுழையும். கிளம்பும்போது வெளிச்சம் தெரிகிற பக்கம், அதாவது மேலே பறக்கும். புனலைத் தாண்டிவிட்டால் திரும்ப வழி தெரியாது. இதே பொறியைக் காட்டின் நடுவில், விளிம்பில், மேய்ச்சல் நிலத்தில், ஊருக்குள் என ஒரே நாட்களில் கட்டிவைத்து, எந்த இனம் எங்கே எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

எண்ணிப் பார்க்கும்போது முதலில் ஏமாற்றுவது மொத்தக் கணக்கு. காட்டை வெட்டிய இடத்தில் ஈ குறையும் என்று நினைப்போம். பல நேரம் கூடுகிறது! கூடுவது சில இனங்கள்தான். காட்டுக்கே உரிய இனங்கள் பொறியிலிருந்து மெல்ல மறைகின்றன. எனவே ‘ஈ மொய்க்கிறது’ என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எந்த ஈ என்று கேட்க வேண்டும்.

மறைகிறவற்றில் முக்கியமானது மெசெம்பிரினெல்லா. தென், நடு அமெரிக்கக் காடுகளில் மட்டுமே வாழும் ஈ. சந்தையில் பார்த்த நம் ஈ ஒரு தடவைக்கு இருநூறு முட்டைக்கு மேலும் இடும். மெசெம்பிரினெல்லாவின் தாயோ ஒரே ஒரு முட்டையை வயிற்றுக்குள் வைத்துப் பொரிக்கிறது. புழுவையும் உடனே வெளியே விடாமல் உள்ளேயே வளர்த்து, பெரிதான பிறகுதான் இறக்கிவிடுகிறது. ஒரு ஈ இத்தனை பொறுமையாகப் பிள்ளை வளர்க்கும் என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. காடு நிலையாக இருக்கும்வரை இது நல்ல வழிதான். காடு கலைந்தால், இழந்த எண்ணிக்கையை மீட்க அதற்குக் காலம் போதாது.

அடுத்தது ஈரம். அடர்ந்த மழைக்காட்டில் தரையைத் தொடும் வெயில், உச்சியில் விழுவதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அடியில் எப்போதும் குளிர்ச்சி, ஈரம். ஒரு பாதைக்காக மரங்களை அகற்றினாலும் போதும். பக்கவாட்டில் வெயிலும் காற்றும் நுழைந்து, விளிம்பிலிருந்து பல பத்து மீட்டர் உள்ளே வரை காடு உலர்கிறது. நிழலுக்குப் பழகிய ஈயின் உடம்பு அந்த உலர்வைத் தாங்காது. இந்த ஈக்கள் தேடிவரும் விலங்குப் பிணமும் மாறிவிடுகிறது. நிழலில் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும் எலியோ குருவியோ, வெட்டவெளியில் தோல் இறுகிச் சீக்கிரமே காய்ந்துபோகும். அதற்குள் தின்று முடிக்கிற புழுக்களுக்குத்தான் பிழைப்பு. அப்புறம், வேட்டையும் வெட்டும் சேர்ந்து விலங்குகள் குறைந்தால் பிணமும் சாணமும்கூடக் குறைந்துவிடும்.

போதாததற்குப் புது விருந்தாளிகள். நம் சந்தை ஈயோடு பிரேசிலுக்கு வந்த உறவுகளில் ஒன்றான கிரைசோமியா ஆல்பிசெப்ஸ் என்ற இனத்தின் புழு, உடம்பெல்லாம் சதை முட்களோடு இருக்கும். வளர்ந்ததும் பிணத்தை மட்டும் தின்பதில்லை, பக்கத்தில் நெளியும் மற்ற ஈக்களின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இவை வந்தபின், அங்கே ஏராளமாக இருந்த கோக்லியோமியா மாசெல்லாரியா என்ற உள்ளூர் ஈ பல இடங்களில் அரிதாகிவிட்டது. ரோடும் மேய்ச்சல் நிலமும் காட்டுக்குள் நீளும்போது இவற்றுக்கும் வழி திறக்கிறது.

ஓர் ஈ மனிதரோடு எவ்வளவு ஒட்டும் என்பதைச் சொல்ல, பின்லாந்தைச் சேர்ந்த நுவோர்தேவா 1963இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். நெரிசலான ஊரை மட்டுமே நாடும் ஈக்கு +100, குடியிருப்புப் பக்கமே வராத ஈக்கு -100. நம் சந்தை ஈக்குக் கிடைப்பது நேர்க்குறி, மெசெம்பிரினெல்லாவுக்கு எதிர்க்குறி.

இந்த ஈக்களின் வயிறு ஒரு பதிவேடும்கூட. மேற்கு ஆப்பிரிக்காவில் கோட் டிவாரின் தாய் தேசியப் பூங்காவிலும் மடகாஸ்கரிலும் பிடித்த பிண ஈக்களின் வயிற்றிலிருந்து பாலூட்டிகளின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, அந்தக் காட்டில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்கள். கேமராவுக்குச் சிக்காத விலங்கும் செத்தாலோ சாணமிட்டாலோ ஈயிடம் சிக்கிவிடும்.

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில், மனாவுஸ் நகருக்குத் தென்மேற்கே அடர்காட்டின் நடுவில் உருக்கு என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. கிணறு தோண்ட வெட்டிய திடல்களில் பிறகு மரம் நட்டார்கள். அவை எந்த அளவுக்குக் காடாகத் திரும்பியிருக்கின்றன என்று பார்க்க, ஆய்வாளர்கள் அங்கேயும் அழுகிய இறைச்சி வைத்த பொறிகளைக் கட்டினார்கள். திறந்த திடல்களில் வெயிலை விரும்பும் சதை ஈக்கள் நிறைய விழுந்தன. மரத்தின் உயரத்தை அளக்க ஒரு டேப் போதும். அடியில் நிழலும் ஈரமும் திரும்பிவிட்டனவா என்று அறிய, அந்தப் பையைக் கொட்டி, ஒரு மெசெம்பிரினெல்லாவாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.