‘சில்’ வீடு என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் கூடிப் பேசினால் ‘சில்’ என்ற சொல் விரைவில் வந்து விழும். ‘சில்’ கிடைத்துவிட்டதா என்பார்கள். இன்ன இடத்து ‘சில்’ வீட்டில் ஓர் அறை காலி என்பார்கள். பாண்டி ஆடும் சில்லுக்கும் இதற்கும் உறவில்லை. ‘சப்போர்ட்டட் இன்டிபென்டன்ட் லிவிங்’ என்ற தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரிப்பதால் வந்த பெயர். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டம், அதாவது என்.டி.ஐ.எஸ்., பணம் தரும் உதவிகளுள் இதுவும் ஒன்று.

இரவு பகலாகத் துணை தேவைப்படும் ஒருவருக்கு, அவர் குடியிருக்கும் இடத்திலேயே குளிக்க, உடுத்த, சமைக்க, மருந்து எடுத்துக்கொள்ள ஆள் அமர்த்தித் தருவதுதான் ‘சில்’. பெரும்பாலும் இருவர் மூவர் ஒரே வீட்டில் வாழ்ந்து பணியாளரின் நேரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வாடகை, மளிகை, மின்கட்டணம் எதுவும் இதில் சேராது. அரிசி வாங்குவது குடியிருப்பவரின் காசில். அதை வடிக்க உதவுபவரின் மணிநேரத்துக்குத்தான் திட்டத்தின் பணம். ஆகவே ‘சில் வீடு’ என்ற பேச்சு வழக்கே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ‘சில்’ என்பது வீடே இல்லை.

வீட்டுக்கான பணம் எஸ்.டி.ஏ., அதாவது ‘ஸ்பெஷலிஸ்ட் டிஸெபிலிட்டி அக்காமடேஷன்’ என்ற வேறு தலைப்பில் வருகிறது. சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் கதவுகள், ஆளைத் தூக்கும் கருவியைத் தாங்கும் கூரை, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு எனத் தனியாக வடிவமைத்த வீடுகள் இவை. மிகக் கடுமையான இயலாமையோ மிக அதிகமான துணைத் தேவையோ உள்ளவர்களுக்கே கிடைக்கும். திட்டத்தில் இருப்பவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் என்பது தொடக்கக் கணிப்பு. ‘சில்’ பெறும் பலர் சாதாரண வாடகை வீட்டிலேயே இருக்கிறார்கள்.

இனி, சொல்லின் வேர். இன்டிபென்டன்ட் என்பதற்குள் இருக்கும் லத்தீன் வினைக்கு ‘தொங்குதல்’ என்று பொருள். எதையும் பற்றித் தொங்காதவன் சுதந்திரன். அப்படியானால் துணையோடு வாழ்பவர் எப்படிச் சுதந்திரர் ஆவார்? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் பெர்க்லியில் விடை பிறந்தது. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுவாசிக்க உதவும் இரும்பு நுரையீரலோடு விடுதியில் தங்க முடியாமல், வளாக மருத்துவமனையில் குடியிருந்தார். 1972-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மையம் ‘இன்டிபென்டன்ட் லிவிங்’ என்பதையே பெயராக்கிக்கொண்டது. சட்டையை யார் மாட்டிவிடுகிறார் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு என்று முடிவெடுப்பது யார் என்பதே கேள்வி. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது உறுப்பும், எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தெரிவு செய்யலாம் என்கிறது.

இதனால் ‘இன்டிபென்டன்ட் லிவிங்’ என்பதைத் தமிழில் ‘தற்சார்பு வாழ்வு’ என்று பெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அது எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதைக் குறித்துவிடுகிறது. ‘தனிவாழ்வு’ என்றால் அம்மாக்கள் பயந்துவிடுவார்கள். ‘ஆதரவுடன் கூடிய சுதந்திர வாழ்க்கை’ பிழையில்லை, ஆனால் ‘ஆதரவு’ என்றதும் ஆதரவற்றோர் இல்லம் நினைவுக்கு வருகிறது. ‘துணையுடன் தன்னுரிமை வாழ்வு’ என்பதே என் தெரிவு. எஸ்.டி.ஏ.வை ‘தனிவடிவமைப்பு உறைவிடம்’ எனலாம்.

தேர்வு செய்யும்போதும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு ஒப்பந்தமும் துணை ஒப்பந்தமும் ஒரே நிறுவனத்திடம் ஒன்றாகச் சிக்கினால், பணியாளர் பிடிக்கவில்லை என்று மாற்றப்போய் வீட்டையே இழக்க நேரலாம். பணியாளரைப் பகிரும் வீட்டில் நிறுவனத்தை மாற்ற மற்ற குடியிருப்பாளர்களும் இணங்க வேண்டியிருக்கும் என்பதால், உடன் வாழப்போகிறவர்களை முன்பே சந்தித்துவிடுங்கள். வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாமல், இரவுச் சமையல் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்: அன்றைய குழம்பை யார் தீர்மானித்தது, இரவுப் பணியாளர் விழித்திருப்பவரா, அங்கேயே படுத்துத் தூங்கிக் கூப்பிட்டால் எழுந்து வருபவரா?