தேசாபிமானம்: பற்றா, பெருமிதமா?

கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கும் வேலை கைக்கு வந்தது. ‘உங்கள் நேஷனாலிட்டியை எண்ணி எவ்வளவு பெருமைப்படுகிறீர்கள்?’ என்பது ஒரு வினா. கீழே நான்கு கட்டங்கள்: மிகவும், ஓரளவு, அவ்வளவாக இல்லை, கொஞ்சமும் இல்லை. அடுத்த வினா, வேறு நாட்டவராக இருந்திருக்கலாம் என்று நினைத்ததுண்டா என்பது. கட்டங்களுக்குத் தமிழ் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வினாக்கள்தான் ஒரு நாளை விழுங்கிவிட்டன. முதலில் ‘தேசாபிமானம்’ என்று எழுதினேன். பிறகு அடித்தேன். ஏன் அடித்தேன் என்பதுதான் இந்த விளக்கம்.

சொல்லைப் பிரித்தால் தேசம் + அபிமானம். இரண்டும் வடமொழி. தேசம் என்பதன் வேருக்குச் சுட்டிக்காட்டுதல் என்று பொருள். ‘திசை’யும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆக தேசம் என்பது விரல் நீட்டி ‘அதோ’ என்று காட்டும் இடம். தேஎம், தேயம் என்ற வடிவங்கள் பழைய பாடல்களிலேயே இருப்பதால் இது தமிழ்ச்சொல்லே என்று வாதிடுவோரும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது குறுந்தொகை 11ஆம் பாட்டில் வரும் ‘மொழிபெயர் தேஎம்’. மொழி மாறிப்போகும் நாடு என்று பொருள். வேலி இல்லை, சாவடி இல்லை. பேச்சு புரியாமல் போனால் எல்லை தாண்டிவிட்டோம் என்று கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் காதலர் இருந்தாலும் அங்கே போகத் துணிந்துவிட்டேன் என்கிறாள் தலைவி. வேற்று நாட்டை விரும்பிய முதல் ஆள் அவளாக இருக்க முடியாதுதான். ஆனாலும் நல்ல சாட்சி.

தேசத்திலிருந்து பிறந்த மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுதேசி: தன் நாட்டான். 1905இல் வங்கப் பிரிவினை எதிர்ப்போடு கிளம்பிய இயக்கத்தால் இச்சொல்லுக்கு மாலை மரியாதை கிடைத்தது. பரதேசி: பிற நாட்டான், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போன யாத்திரிகனைக் குறித்த இச்சொல், போன இடத்தில் கையேந்தியவனைக் குறித்து, கடைசியில் வெறும் வசவாகவே நின்றுவிட்டது. மூன்றாவதை இன்று யாரும் சொல்வதில்லை: நானாதேசி, பல தேசத்தான். இடைக்கால வணிகக் குழுவொன்று இப்பெயரைப் பட்டமாகவே சூடிக்கொண்டது. பர்மாவின் பகானில் அவர்கள் பெயரால் ‘நானாதேசி விண்ணகரம்’ என்று ஒரு பெருமாள் கோயில் இருந்ததை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாட்டைச் சேர்ந்தவன் என்பதில் மட்டுமல்ல, பல நாடுகளில் காலூன்றியவன் என்பதிலும் பெருமை கொண்டாடியிருக்கிறார்கள்.

‘நேஷன்’ வேறு கதை. பிறத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது அது. பிறப்பால் சேர்ந்த கூட்டம் என்பதே ஆதிப் பொருள். ஆனால் பிறப்பைக் கணக்கெடுத்தவர்கள் அப்போதே தாராளமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை பிரெஞ்சு, பிக்கார்டு, நார்மன், ஆங்கிலம் என்று நான்கு நேஷன்களாகப் பிரித்தபோது, ஜெர்மானிய மாணவர்கள் ‘ஆங்கில’ நேஷனில் அடங்கினார்கள்! ‘நேச்சுரலைசேஷன்’ என்ற சட்டச் சொல்லுக்கும் மூலம் அதே பிறப்பு வேர்தான். தமிழில் ‘இயல்புக் குடியுரிமை’ என்பார்கள். பிறவாதவரைப் பிறந்தவர்போல் ஆக்கிக்கொள்வது. படிவங்களில் நேஷனாலிட்டிக்கு ‘தேசிய இனம்’ என்று போடுவது வழக்கம். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. ஒரே கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குள் பல தேசிய இனங்கள் இருக்கலாம்; ஒரே தேசிய இனம் பல நாடுகளில் பரவியிருக்கலாம். சட்டப் பொருள் வேண்டுமானால் குடியுரிமை (இலங்கையில் பிரஜாவுரிமை). பேச்சு வழக்குக்கு ‘இந்த நாட்டவர்’ என்பதே போதும்.

அபிமானத்துக்கு வருவோம். வடமொழியில் இதற்குச் செருக்கு, தன்னை உயர்வாக எண்ணுதல் என்ற பொருள்கள். பழைய இந்திய தத்துவப் பிரிவுகளில் ஒன்றான சாங்கியத்தில் அகங்காரத்துக்குச் சொல்லும் இலக்கணமே அபிமானம்தான். தமிழுக்கு வந்த இடத்தில் செருக்கு கரைந்து பிரியம் மிஞ்சியது. அபிமான நட்சத்திரம் என்றால் பிடித்த நடிகர். அபிமானபுத்திரன் என்றால் வளர்ப்பு மகன், பெறாமலே பிள்ளையானவன். அப்படியானால் தேசாபிமானம் என்பதற்கு நேர்த்தமிழ் நாட்டுப்பற்று. கேள்வித்தாள் கேட்டதோ பற்றை அல்ல, பெருமையை. அதனால்தான் அடித்தேன். இரண்டும் ஒன்றல்ல. நாட்டின் நடப்பைப் பார்த்து வெட்கப்படுகிறவருக்கும் அதன்மேல் பற்று இருக்கும், வெட்கப்படுவதே பற்றினால்தான்.

சரி, பெருமைக்கு என்ன சொல்? கைக்கு முதலில் வருவது பெருமிதம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக இதை எண்ணி, எவற்றிலிருந்து பிறக்கும் என்றும் பட்டியல் கொடுக்கிறது: ‘கல்வி தறுகண் இசைமை கொடை’. படித்தது, அஞ்சாமை, புகழ், கொடுத்தது. நான்கே என்று கதவையும் சாத்திவிடுகிறது. பட்டியலை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். பிறந்த நாடு அதில் இல்லை. நான்கும் ஆள் ஈட்டவேண்டியவை. வெறுமனே பிறந்ததற்காகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

இச்சொல் எப்போதும் நல்ல பிள்ளையாக இருந்ததும் இல்லை. ‘பெருமை பெருமிதம் இன்மை’ என்கிறது குறள் 979; அங்கே பெருமிதம் என்றால் செருக்கு. அதே நூலின் 431ஆம் குறளிலோ செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவரின் உயர்வே ‘பெருமித நீர்த்து’. ஒரே சொல் ஓரிடத்தில் நோய், ஓரிடத்தில் அழகு. நாட்டைப் பற்றி இச்சொல்லைக் கையாளும்போதும் இதே கத்தி முனைதான். நம் நாட்டில் கிணறு வெட்டியவர்களை, பள்ளி நடத்தியவர்களை, அநீதியை எதிர்த்து நின்றவர்களை எண்ணி நெஞ்சு நிமிர்ந்தால் அது அழகு. அடுத்த நாட்டவன் தாழ்ந்தவன் என்பதால் நிமிர்ந்தால் அது நோய். அதற்கு நாட்டுவெறி என்று தனிப்பெயரே இருக்கிறது. ‘எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை வாழிய நிலனே’ என்று ஔவையார் புறநானூற்றில் நிலத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். நிலத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

இனி இரண்டாம் வினா. வேறு நாட்டவராக ஆசைப்படுவதற்குத் தமிழில் இருக்கும் சொற்களெல்லாம் முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்டவை. வெளிநாட்டு மோகம் என்கிறோம். மோகம் என்றால் அறிவு மயக்கம். பரதேசியைப் பற்றி ஏற்கெனவே பார்த்தோம். இந்த ஆசை மயக்கமாகவும் இருக்கலாம்தான். ஆனால் உயிருக்கு அஞ்சி ஓடியவருக்கும், பிறந்த நாடே தன் ஆளில்லை என்று கைவிட்டவருக்கும் அந்தச் சொல் பொருந்துமா? 1948இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்பு, நாட்டுரிமை எவருக்கும் உண்டு என்பதோடு நிற்கவில்லை. அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் தன்னிச்சையாக மறுக்கலாகாது என்கிறது. உரிமை என்று ஒப்புக்கொண்டதை மோகம் என்று மொழிபெயர்க்கக் கை வரவில்லை.

தேடியதில் அகப்பட்டது ‘நாட்டம்’. நாடு பெயராக வந்தால் இருக்கும் இடம், வினையாக வந்தால் தேடிப் போவது. வேர் ஒன்றா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், இந்த இரட்டைப் பொருளை வள்ளுவர் விட்டுவைக்கவில்லை: ‘நாடென்ப நாடா வளத்தன, நாடல்ல நாட வளந்தரு நாடு’. தேடி அலையாமலே வளம் தருவதுதான் நாடு. தராத இடத்தில் இருப்பவன் வேறெங்கோ நாடுகிறான் என்றால், குறையை அவன் தலையில் மட்டும் ஏற்ற முடியாது. நாட்டம் என்றால் பழந்தமிழில் கண் என்றும் பொருள். தூரத்தைப் பார்க்கும் கண். ‘அயல்நாட்டம்’ என்று சேர்த்தால் சொல் கச்சிதமாக அமைகிறது, திட்டும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை.

கேள்வித்தாளில் இரண்டாம் வினாவை ‘வேறு நாட்டவராக வேண்டும் என்ற நாட்டம் எப்போதாவது இருந்ததுண்டா?’ என்று எழுதினேன். முதலாவதில் பெருமிதம் என்று போடவில்லை. ‘இந்த நாட்டவராக இருப்பதில் எவ்வளவு பெருமைப்படுகிறீர்கள்?’ என்றே விட்டுவிட்டேன். பெருமிதம் என்று கேட்டால் எதற்காக என்றும் கேட்கவேண்டும். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.