இறக்கையில் ஒட்டியிருப்பது பிளாஸ்திரி அல்ல

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. "டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன் தம்பி. இறக்கையில் பிளாஸ்திரி ஒட்டி ஓட்டுகிறார்களாமே" என்றார். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இறக்கையின் மேல் வெள்ளி நிறத்தில் நான்கு பட்டைகள், கீழே சிவப்பு எழுத்தில் "உயிரோடு விளையாட்டு". இந்த ஆண்டில் இதே படத்தை எனக்கு அனுப்பிய ஐந்தாவது ஆள் அவர்.

இருபத்தாறு ஆண்டுகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பட்டையின் பெயர் ஸ்பீடு டேப். மெல்லிய அலுமினியத் தாளின் பின்புறம், கடுங்குளிரிலும் வெயிலிலும் விடாத பசை. பெயின்ட் உரிந்த இடத்தை மூட, சீலன்ட் என்ற அடைப்புப் பசை போன இடைவெளியில் ஈரம் இறங்காமல் தடுக்க, தற்காலிகமாக ஒட்டுவது. போயிங் 787 இறக்கையில் புற ஊதாக் கதிரால் பெயின்ட் உரிவது தெரிந்த விஷயம். அந்த விமானத்தில் இந்தப் பட்டைகளை நிறையவே பார்க்கலாம். இறக்கையின் பாரம் எதையும் டேப் தாங்குவதில்லை. ஒட்டுவதற்கும் முறை உண்டு. கரைப்பான் தொட்ட துணியால் பரப்பைத் துடைத்து உலரவிட்டு, குமிழி நிற்காமல் தேய்த்து ஒட்ட வேண்டும். காற்று ஓரத்தைக் கிளப்பாதபடி, ஓடு வேய்வதைப் போல ஒன்றின் விளிம்பின் மேல் அடுத்ததை ஏற்ற வேண்டும். பிறகு டெக் லாக் என்ற விமானத்தின் பழுதுப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதாத வேலை எங்கள் தொழிலில் செய்யாத வேலை.

என்னை அதிகம் வாட்டுவது இதைவிடப் பெரிய ஒரு தவறான எண்ணம்: "கோளாறு இருப்பது தெரிந்தே பறக்கவிட்டார்கள்." நாளிதழ் கோளாறு என்று எழுதுவதை நாங்கள் ஸ்நாக் என்போம். படிக்கும் விளக்கு எரியாததும் ஸ்நாக், ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுவதும் ஸ்நாக். முதலாவதோடு பறக்கலாம், இரண்டாவதற்கு அளவு பார்த்தாக வேண்டும். எதோடு பறக்கலாம் என்பதை நானோ விமானியோ நினைத்தபடி முடிவு செய்ய முடியாது. அதற்கு எம்.ஈ.எல். என்ற பட்டியல் இருக்கிறது. தயாரிப்பாளரின் மூலப் பட்டியலை ஒட்டி விமான நிறுவனம் எழுதுவது, விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் தருவது. மூலத்தைவிடக் கடுமையாக எழுதலாம், ஒரு வரிகூடத் தளர்த்த முடியாது. பழுதுகளை வகை பிரித்து, சரிசெய்யக் கெடுவும் உண்டு: 'பி' வகை என்றால் 3 நாள், 'சி' 10 நாள், 'டி' 120 நாள். 'ஏ' வகைக்கு அந்த வரியிலேயே கெடு எழுதியிருக்கும். கெடு முடிந்தால் விமானம் தரையில்தான். பட்டியல் அனுமதித்தாலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு இருக்கிறது. சொல்லியும் இருக்கிறார்கள். எவரையும் நாங்கள் குறை சொன்னதில்லை.

தரையில் ஏ.சி.க்கும் எஞ்சினைக் கிளப்பவும் காற்று தரும், வாலில் இருக்கும் சிறு எஞ்சினான ஏ.பி.யூ. வேலை செய்யாமலும் விமானம் புறப்படலாம். ஆனால் தரையில் ஏ.சி. கிடைக்காது. சென்னையில் மே மாதத்து மதியம், உள்ளே நூற்றெண்பது பேர் வியர்த்துக்கொண்டிருக்க, "ஏ.சி.யே ஓடவில்லை, எஞ்சின் எப்படி ஓடும்?" என்று ஒருவர் எழுந்து கத்துவார். வெளியிலிருந்து காற்று கொடுத்து எஞ்சினைக் கிளப்பினால் ஏ.சி. வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதை விளக்கியிருக்கிறேன்.

செய்திகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இன்னொரு சொல் ஸ்டால். அதை "எஞ்சின் நின்றது" என்று மொழிபெயர்க்காதீர்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறித் தூக்குவிசை குலைவதுதான் ஸ்டால். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் ஸ்டாலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். கடலைத் தொடும்வரை இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

புதுச்சேரிக்கு வரும் ஏ.டி.ஆர். பழைய காற்றாடி விமானம் என்பதும் தவறு. அந்தக் காற்றாடியைச் சுழற்றுவது டர்பைன் எஞ்சின். புதுச்சேரியின் சுமார் 1,500 மீட்டர் ஓடுபாதைக்கு அதுதான் பொருத்தம்.

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுங்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் குலுங்கியபோது பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். வெளியேறச் சொன்னால் பையை எடுக்காதீர்கள். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரும் இறங்க முடியும் என்று காட்டித்தான் விமானம் சான்றிதழ் வாங்குகிறது. அந்தச் சோதனையில் யாரும் டிராலிப் பெட்டியை இழுக்கவில்லை. தலைக்கு மேல் ஏ.சி. துவாரத்தில் வெண்மை கிளம்பினால் அது பெரும்பாலும் நம் கடற்கரைக் காற்றின் ஈரம். வாசனை இருந்தால் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். படம் எடுத்தால் அவரிடம் காட்டுங்கள், தயவுசெய்து குடும்பக் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.

டீச்சர் கூடுதல் பணம் கட்டி மறுபடியும் டிக்கெட் எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு விமானம். மகளுக்கு மருத்துவர் சொல்லியிருக்கும் நாள் ஞாயிறு.