துளையிட்ட கார்பன் இழை எப்படித் தாங்குகிறது?

விமான இறக்கையைக் கார்பன் இழையால் செய்துவிட்டு, அதில் துளை போட்டு போல்ட் முடுக்குவது ஏன், துளை போட்டால் இழைகள் அறுந்துவிடாதா, பசையால் ஒட்டினால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எடையில் ஏறக்குறையப் பாதி கூட்டுப்பொருளாலான (இழைகளைப் பிசினில் பதித்து அடுக்கடுக்காக ஆக்கிய பொருள்) போயிங் 787 விமானத்திலும், நம் தேஜஸ் போர்விமானத்தின் இறக்கையிலும் போல்ட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஒருமுறை இழுத்தால் எளிதில் தாங்கக்கூடிய விசையே லட்சக்கணக்கான முறை வந்து போனால் பொருளை உடைத்துவிடும். இதுவே சோர்வு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளைக் கொண்டு இதை முறையாக அளந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். உலோகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு விரிசல் தோன்றி, வளர்ந்து, முடிவில் உடைக்கிறது.

அகலமான தகட்டில் சிறு வட்டத் துளை இட்டு இழுத்தால், துளையின் விளிம்பில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் விழும் விசை, சராசரியைப் போல மூன்று மடங்காகிறது. அலுமினியமாக இருந்தால் அந்த இடம் சற்றே நெகிழ்ந்து, சுமையை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். கார்பன் இழைக்கு அந்த நெகிழ்வு கிடையாது. உடையும் வரை விறைப்பாகவே நிற்கும். ஆகவே சோர்வில் இது அலுமினியத்தைவிட விரைவில் தோற்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ வேறு.

விசை வந்து போக வந்து போக, துளையின் இரு ஓரங்களிலும் இழைகளுக்கு இடையிலுள்ள எப்பாக்ஸி பிசினில் நுண்ணிய பிளவுகள் தோன்றுகின்றன. மூங்கில் நீளவாக்கில் பிளப்பதுபோல, இவை இழைகளின் குறுக்கே செல்லாமல் இழைகளை ஒட்டியே, இழுக்கும் திசையில் நீள்கின்றன. துளையால் அறுபட்ட இழைகள், அறுபடாமல் பக்கத்தில் ஓடும் இழைகளிடமிருந்து இப்படி விடுபடுகின்றன; விளிம்பில் குவிந்திருந்த தகைவும் தணிகிறது. சில அடுக்கு அமைப்புகளில், பல லட்சம் சுற்று இழுவைக்குப் பிறகு சோதித்தால், துளையிட்ட துண்டின் இழுவலிமை புதிதாக இருந்தபோது இருந்ததைவிடக் கூடியிருக்கிறது! சேதமே காப்பாக மாறும் இந்த நிகழ்வைப் பொருளறிவியலின் பேரழகுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

இந்தச் சலுகை இழுவைக்கு மட்டுமே. அமுக்கவிசை வரும்போது, பிளவுகளால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த அடுக்குகள் தனித்தனியே வளைந்து நொடிந்துவிடும். எனவே இழுவையும் அமுக்கமும் மாறி மாறி வரும் இணைப்புகளே மிகவும் ஆபத்தானவை. போல்ட்டின் தண்டு துளைச் சுவரை நசுக்க நசுக்கத் துளை நீள்வட்டமாகிறது, பிடி தளர்கிறது, தளர்ந்த போல்ட் மேலும் இடிக்கிறது. அளவாக முடுக்கிய போல்ட்டும் வாஷரும் அடுக்குகளை இருபுறமும் அழுத்திப் பிடிப்பதால் அவை பிரிய இடமின்றி, இணைப்பின் ஆயுள் நீள்கிறது. முடுக்கு விசையின் அளவு குறிப்பேட்டில் எழுதும் வெறும் சடங்கு அன்று.

இவற்றை அளப்பதற்குப் பொறுமை வேண்டும். வேகமாக ஆட்டினால் பிசின் சூடேறி முடிவு பிழையாகிவிடும். நொடிக்கு 5 முறை ஆட்டினால், ஒரு கோடி சுற்றுகளை முடிக்க ஒரே துண்டுக்கு 23 நாள் ஆகும். எந்த விசையை எத்தனை சுற்று தாங்கும் என்று காட்டும் ஒரு வரைபடத்துக்கோ பல துண்டுகள் தேவை. மூன்றாண்டு நிதி கொடுத்து, ஆண்டுதோறும் புதுமை எங்கே என்று கேட்கும் முறை இத்தகைய ஆய்வுக்கு ஒவ்வாது. ஓடிக்கொண்டிருக்கும் சோதனை எந்திரத்துக்கு நீண்டகால நிதி தருவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

இனிப் பசைக்கு வருவோம். பசை இழைகளை அறுப்பதில்லை, சுமையையும் பரந்த பரப்பில் கடத்துகிறது. ஆனாலும் ஒட்டின் இரு முனைகளில் தகைவு குவியவே செய்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒட்டிய பிறகு அதன் வலிமையை அறிவதில் உள்ளது. மேற்பரப்பில் சிறிது அழுக்கோ ஈரமோ இருந்தால், இரு பரப்புகளும் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் பற்றிக்கொண்டிருக்காது. இடைவெளி இல்லாததால், ஒலியலைகளை உள்ளே செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனைக்கு அது நல்ல ஒட்டாகவே தெரியக்கூடும். உடைத்துப் பார்க்காமல் ஒட்டின் வலிமையை உறுதியாகச் சொல்லும் முறை இன்னும் இல்லை. அதனால்தான் முக்கியமான இடங்களில் பசையோடு போல்ட்டையும் சேர்க்கிறார்கள்: ஒட்டு ஓரிடத்தில் பிரியத் தொடங்கினாலும், அடுத்த போல்ட்டின் அழுத்தத்தில் அந்தப் பிரிவு தடைபடுகிறது.