பிளக்-இன் என்னும் செருகுநிரல்

திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சு வடிவம் வரைந்து கொடுக்கும் அறைகளிலும், ஈரோட்டில் கல்யாணப் பத்திரிகையும் பிளக்ஸ் பேனரும் வடிவமைக்கும் கடைகளிலும் 'பிளக்-இன்' என்ற சொல் உள்ளூர்ச் சொல்லைப் போலவே புழங்குகிறது. "அதுக்குத் தனியா ஒரு பிளக்-இன் போடோணுமுங்க" என்பார் ஒருவர். "லினக்ஸ்ல அது ஏறவே மாட்டீங்குதுங்க" என்பார் இன்னொருவர். போடுவது, ஏற்றுவது ஆகிய இவ்விரு வினைகளும் நல்ல தமிழ் வினைகளாகவே இருக்க, பெயர்ச்சொல் மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. அதற்குத் தமிழில் வழங்கும் 'செருகுநிரல்' என்ற சொல் பொருத்தமானதுதானா என்பதை, லினக்ஸ் என்னும் இயங்குதளம் கொண்ட கணினியில் கிம்ப் என்னும் பட மென்பொருளில் அது எவ்வாறு இடம் பிடிக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே முறை.

பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். தனித்து நின்று பயனரிடம் வேலை காட்டாமல், வேறொரு பெரிய மென்பொருள் அழைக்கும்போது மட்டும் இயங்கி, அந்த மென்பொருளில் முன்பு இல்லாத ஒரு திறனைச் சேர்த்துத் தரும் சிறு நிரலே பிளக்-இன் ஆகும். தாய் மென்பொருளின் மூல நிரலில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றுவதில்லை. அது இல்லாவிட்டாலும் தாய் மென்பொருள் தன் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஆங்கிலத்தில் 'பிளக்' என்ற சொல் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. துளையை அடைக்கும் தக்கை, ஆப்பு என்பதே அதன் பழைய பொருள். மின்சாரம் வீடுகளுக்கு வந்த பிறகு, சுவரிலுள்ள துளைகளில் பொருத்தும் முனைக்கும் அதே பெயர் ஆகிவந்தது. அடைப்பது என்ற பொருள் அங்கே தேய்ந்து, இணைப்பது என்ற பொருள் மேலோங்கியது. 1980களின் பிற்பகுதியில், மாக்கின்டாஷ் கணினிகளுக்கான பட மென்பொருள்களில் பிறர் எழுதிய சிறு நிரல்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தபோது, மின்சாரத் துறையின் அந்தச் சொல்லே கணினித் துறைக்கும் இடம் பெயர்ந்தது. கோவையில் கிரைண்டருக்கு மாட்டுவதும் பிளக், மொபெட்டில் கழற்றித் துடைப்பதும் பிளக் என்றிருக்கும் நிலையில், கணினியில் போடுவதும் பிளக்-இன் என்றால் கேட்பவருக்கு ஓரளவு புரிந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல் இங்கே இவ்வளவு எளிதில் வேர்விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழில் இதற்கு ஒன்றல்ல, பல சொற்கள் போட்டியிட்டன. சொருகி, செருகி, நீட்சி, துணைநிரல், கூடுதல் இணைப்பு, செருகுநிரல் ஆகிய அனைத்தையும் வெவ்வேறு மென்பொருள்களின் தமிழ் இடைமுகங்களிலும் கட்டுரைகளிலும் பார்க்கலாம். இவற்றுள் 'நீட்சி' என்பது எக்ஸ்டென்ஷன் என்பதற்குத்தான் நேரானது. நீளுதல் என்னும் வினை, இருப்பதே தொடர்ந்து வளர்வதைக் குறிக்குமேயன்றி, வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்வதைக் குறிக்காது. 'துணைநிரல்' பொருளில் தவறில்லை. ஆயினும் ஆட்-ஆன், யுட்டிலிட்டி என்று துணை செய்யும் எதற்கும் அது பொருந்துவதால் கூர்மை குறைகிறது. 'செருகி' என்பது சுருக்கமாகவும் அழகாகவும் இருந்தாலும், மின் இணைப்பின் முனைக்கே அதைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. மின்வினைஞருக்கும் கணினி வரைகலைஞருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் தமிழுக்கும் வந்து சேரும். ஆகவே, பெயரிலேயே 'நிரல்' என்பதையும் தாங்கி நிற்கும் செருகுநிரலே என் தேர்வு.

'செருகு' என்பது இடைவெளியுள்ள ஓரிடத்தில் ஒரு பொருளை நுழைத்து நிறுத்துவதைக் குறிக்கும் வினை. பேச்சில் அது 'சொருகு' ஆகிறது. பெட்டி பொட்டியாவதையும் பெண் பொண்ணாவதையும் போல எகரம் ஒகரமாகத் திரிவது கொங்கு வழக்கிலும் பிற வட்டார வழக்குகளிலும் இயல்பே. கூரை ஓலையில் அரிவாளைச் சொருகுவது, இடுப்பில் சுருக்குப்பையைச் சொருகுவது, கொண்டையில் பூவைச் சொருகுவது, தூக்கம் வந்தால் கண் சொருகுவது எனப் புழக்கம் பலவாகும். கண்ணை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தால், மற்ற எல்லாவற்றிலும் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு: சொருகப்பட்டது சொருகிய இடத்தோடு ஒட்டிக் கலந்துவிடுவதில்லை, வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். ஒட்டு, பூசு, பதி, தை என்ற வினைகள் எவற்றுக்கும் இத்தன்மை கிடையாது. பிளக்-இன்னின் உயிர்நிலையும் அதுவே.

இந்த இடத்தில் தமிழ் படித்தோர் ஒரு தடை எழுப்புவதுண்டு. பதிப்புத் துறையில் 'இடைச்செருகல்' என்பது நற்பெயரல்ல. கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்ததாகக் கருதப்படும் பாடல்களை 'வெள்ளி பாடல்கள்' என்று ஒதுக்கி அச்சிடும் மரபு நமக்கிருக்கிறது. செருகல் என்றாலே கலப்படம் என்ற மணம் வீசுகிறதே என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் இடைச்செருகலின் குற்றம் செருகியதில் இல்லை. எது மூலம், எது செருகல் என்று தெரியாதபடி கலந்து நின்றதில் இருக்கிறது. கிம்ப்பில் செருகுநிரல் தனிக் கோப்பாக, தனிப் பெயரோடு, எழுதியவர் யார் என்ற குறிப்போடு நிற்கிறது. உதவிப் பட்டியலிலுள்ள செருகுநிரல் உலாவியைத் திறந்தால் ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரியும்.

'நிரல்' என்பது வரிசை, ஒழுங்கு என்னும் பொருளுடைய பழஞ்சொல். தொல்காப்பியம் சொற்கள் பொருள்கொள்ளும் முறைகளில் ஒன்றாக நிரனிறையைச் சொல்கிறது. பள்ளிக் கணக்கில் அணிகளைப் படித்தவர்கள் நிரை, நிரல் என்ற இணையை அறிவார்கள். கூட்டத்துக்குப் போகும் எல்லோருக்கும் நிகழ்ச்சி நிரல் தெரியும். எதற்குப் பின் எது செய்யப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்திய கட்டளைகளின் கோவை என்ற வகையில் புரோகிராம் என்பதற்கு அது நேராக அமைந்தது. சிறுமுகைக் கைத்தறிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை: தறியின் தலைமேல் ஏற்றிய ஜக்கார்டு பெட்டியில், துளையிட்டுக் கோத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எந்த இழை எழ வேண்டும் என்று சொல்கின்றன, பெட்டியை இறக்கிவிட்டாலும் தறி வெறுந்துணியை நெய்துகொண்டுதான் இருக்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு தந்த அந்த அமைப்பைக் கணினி வரலாறு தன் முன்னோடியாகவே எண்ணுகிறது.

இனி கிம்ப்புக்கு வருவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் 1995-இல் தொடங்கிய இம்மென்பொருள், 1996-இல் பொதுவெளிக்கு வந்தபோதே செருகுநிரல்களை ஏற்கும் வசதியோடு வந்தது. இதில் செருகுநிரல் ஒவ்வொன்றும் கிம்ப்பிலிருந்து பிரிந்த தனிச் செயலாக (புராசஸ்) இயங்குகிறது. ஆகவே ஒரு செருகுநிரல் நடுவில் விழுந்துவிட்டால், அது விழுந்தது என்ற எச்சரிக்கைச் செய்தி மட்டும் தோன்றும். பெரும்பாலும் திறந்திருக்கும் படம் அப்படியே இருக்கும். செருகு என்ற வினை சொல்லும் தனித்தன்மை இயந்திரத்துக்குள்ளும் இப்படி உண்மையாகவே இருக்கிறது.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸைக் கொங்கு மாணவர் பலரும் தொட்டுப் பார்த்தனர். அங்கிருந்து உபுண்டு, மின்ட் ஆகிய பிற லினக்ஸ் வகைகளுக்கு வந்தவர்கள் கேட்கும் முதற் கேள்வி, செருகுநிரலை எப்படி 'இன்ஸ்டால்' செய்வது என்பதே. 'நிறுவு' என்ற தமிழ்ச் சொல் கோயிலையும் நிறுவனத்தையும் நிலைநிறுத்துவதற்கு உரிய கனமான சொல். லினக்ஸில் நடப்பதோ மூன்று வேறு செயல்கள். மூன்றையும் நிறுவுதல் என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் பாதிக் குழப்பம் நேர்கிறது.

முதலாவது, வழங்கலின், அதாவது நாம் பயன்படுத்தும் லினக்ஸ் வகையின், பொதி மேலாளர் என்னும் நிறுவல் கருவி மூலம் பெறுவது. பிரான்சின் கான் நகரிலுள்ள கிரேக் ஆய்வகத்தில் உருவான, 500-க்கும் மேற்பட்ட வடிகட்டிகள் கொண்ட ஜிமிக் என்னும் செருகுநிரல், டெபியன் குடும்பத்தில் 'கிம்ப்-ஜிமிக்' என்ற பொதியாக வந்திருக்கிறது. ஏபிடி என்னும் பொதி மேலாளரின் கட்டளையில் அப்பெயரைக் கொடுத்தால், சார்புகளையும் (அது இயங்கத் தேவையான பிற பொதிகளையும்) அதுவே சேர்த்து இறக்கிக்கொள்ளும். இதை நிறுவுதல் என்பது முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவதுதான் நேரடியான செருகல். இறக்கிய கோப்பை, பயனரின் இல்ல அடைவில் புள்ளியோடு தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற மறைகோப்புறைக்குள், கிம்ப்பின் பெயரும் பதிப்பெண்ணும் கொண்ட உள்கோப்புறையில், 'பிளக்-இன்ஸ்' என்ற இடத்தில் வைக்க வேண்டும். எந்த இடம் என்று ஐயமிருந்தால், திருத்து பட்டியலில் விருப்பத்தேர்வுகளைத் திறந்து, கோப்புறைகள் என்ற பகுதியை விரித்தால் கிம்ப்பே அதைக் காட்டும். மனப்பாடம் செய்வதைவிட அங்கே பார்ப்பதே நல்லது. கோப்பை வைத்த பிறகு, அதன்மேல் வலச்சொடுக்கி, பண்புகளில் அனுமதிகளுக்குச் சென்று, நிரலாக இயக்க அனுமதிக்கும் கட்டத்தில் குறியிட வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் செய்வோர் 'சிஎச்மாட்' கட்டளையோடு கூட்டல் குறியும் எக்ஸ் எழுத்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். விண்டோஸிலிருந்து வந்தவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். இயக்க அனுமதி இல்லாத கோப்பைக் கிம்ப் கண்டுகொள்ளாது. பட்டியலிலும் அது தோன்றாது. பிறகு கிம்ப்பை மூடித் திறக்க வேண்டும், ஏனெனில் தொடங்கும்போதுதான் அது ஒவ்வொரு செருகுநிரலிடமும் உன் பெயர் என்ன, எந்தப் பட்டியலில் நிற்பாய் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்கிறது. எஸ்சிஎம் என்று முடியும், ஸ்கிரிப்ட்-ஃபூ என்னும் கிம்ப்பின் உள்மொழியில் எழுதிய குறுநிரல்களுக்குப் பக்கத்திலுள்ள 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையே இடம், கிம்ப்பின் 2.10 பதிப்பில் அங்கே இயக்க அனுமதி கேட்கப்படுவதில்லை.

மூன்றாவது, சி என்னும் நிரல்மொழியில் எழுதிய மூலத்தைத் தொகுத்துக்கொள்வது, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றிக்கொள்வது. கிம்ப்பின் உருவாக்கப் பொதியை முதலில் நிறுவிவிட்டு, அதோடு வரும் 'கிம்ப்டூல்' என்ற கருவியிடம் மூலக் கோப்பைக் கொடுத்தால், அதைத் தொகுத்து உரிய இடத்தில் அதுவே வைத்துவிடும். வடிவமைப்புக் கடைகளில் இதற்கான தேவை அரிது.

செருகிய இடம் சரியாக இருந்தும் ஏறாமற்போவதற்குக் காரணங்கள் உண்டு. கிம்ப்பை ஃபிளாட்பேக் என்னும் தனி நிறுவல் முறை வழியாக நிறுவியவர், ஏபிடி வழியாக ஜிமிக்கை இறக்கினால், ஒன்றின் வீடு மற்றொன்றுக்குத் தெரியாது. ஃபிளாட்பேக்குக்கு உரிய ஜிமிக்கையே பெற வேண்டும். பைத்தான் என்னும் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதிய பழைய செருகுநிரல்களோ இன்னும் சிக்கலானவை. அம்மொழிப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்ததால், உபுண்டு 20.04 அதற்கான கிம்ப் பொதியையே விட்டுவிட்டது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 பைத்தான் 3-ஐ மட்டுமே ஏற்கிறது. மேலும், ஒவ்வொரு செருகுநிரலும் தன் பெயரையே கொண்ட தனிக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. 2.10-இல் வெறுமனே போட்டு ஓடிய கோப்பு 3.0-இல் தோன்றாததன் காரணம் பெரும்பாலும் இதுவே. போட்டோஷாப்பின் செருகுநிரல்களான எட்டு-பி-எஃப் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து கிம்ப் கோப்புறையில் போடுவோரும் உண்டு. அவை வேறு வாய்க்கு வடித்த முனைகள், இங்கே நேராகப் பொருந்தமாட்டா. காரணம் புலப்படாதபோது முனையத்திலிருந்து கிம்ப்பைத் தொடங்கினால், எது எங்கே தடுக்கியது என்ற பிழைவரிகள் அங்கே ஓடும்.

ஏறிய பின் கிடைக்கும் பயனைச் சொல்ல ரீசிந்தசைசர் என்னும் செருகுநிரல் ஒன்றே போதும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிசன் செய்த முனைவர் ஆய்வில் பிறந்தது இது. தேர்த் திருவிழாப் படமொன்றில் வானத்துக்குக் குறுக்கே ஓடும் கேபிள் கம்பியை லாசோ என்னும் தேர்வுக் கருவியால் சுற்றிவளைத்து, வடிகட்டிகளில் மேம்படுத்து என்பதன் கீழுள்ள 'ஹீல் செலெக்ஷன்' என்பதைச் சொடுக்கினால், சுற்றியுள்ள வானத்தின் நிறத்தையும் அமைப்பையும் எடுத்துக் கம்பியிருந்த இடத்தை அது நிரப்பிவிடும். கோபுர விளிம்பை ஒட்டி ஓடும் கம்பியில் சற்றே தடுமாறும். அங்கே கையால் திருத்தத்தான் வேண்டும்.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. செருகுநிரல் வினைத்தொகை; ஊறுகாய், சுடுசோறு போலச் செருகிய, செருகுகின்ற, செருகும் என முக்காலத்தையும் தன்னுள் மறைத்து நிற்பது. ஆகவே 'செருகு நிரல்' என்று பிரித்து எழுதுவது பிழை; சேர்த்தே எழுத வேண்டும். பன்மை செருகுநிரல்கள். பொதியாக வருவதை நிறுவு என்றும், கோப்பாக வைப்பதைச் செருகு என்றும், மூலத்திலிருந்து ஆக்குவதைத் தொகு என்றும் வினைகளைப் பகிர்ந்துகொண்டால் வழிகாட்டிக் குறிப்புகள் தெளிவாகும். பேச்சில் 'போடு', 'ஏத்து' என்பன அப்படியே இருக்கட்டும், "செருகுநிரல் ஏத்தியாச்சுங்களா?" என்று கேட்பதில் இலக்கணக் குறை ஒன்றுமில்லை.